சீட்டும் உண்டு, பணமும் உண்டு! அவசரப்பட்டால் எல்லாம் போச்சு!

என்ஜினீயரிங் படிக்கத் துடிக்கும் தருமபுரி ஏழை மாணவ-மாணவிகள் கவனிக்க...

தருமபுரி:

பிளஸ்-2 ரிசல்ட் வந்த மறுநாளே தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பேச்சு ஆரம்பமாகி விடும்.

“மார்க் இருக்கு. பணத்துக்கு எங்கே போறது?”

பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை தூக்குகிறவர் வீட்டிலும் இதே கேள்விதான். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர் வீட்டிலும் இதே கேள்விதான். பதில் கிடைக்காத வீட்டுப் பையன் ஓசூருக்கோ, பெங்களூருக்கோ வேலைக்குப் பஸ் ஏறி விடுவான். பெண்ணாக இருந்தால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுவார்கள்.

2011-ம் ஆண்டு மக்கள் தொகை கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.09 சதவீதம். தருமபுரியில் 68.54 சதவீதம்தான். மாநிலத்திலேயே கடைசி இடம்!

அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் இப்போது கதவு திறந்து கிடக்கிறது. விஷயம் தெரியாமல் வாசலோடு திரும்பி விடக்கூடாது.

7.5 சதவீதம்

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை படித்தவர்களுக்கு என்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கி 2021 ஆகஸ்டில் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. நீதிபதி முருகேசன் கமிஷன் கொடுத்த சிபாரிசின்படி வந்த சட்டம் இது.

இடம் கொடுத்தால் போதுமா? பீஸ் யார் கட்டுவது? அதற்கும் வழி பிறந்தது. 2021 செப்டம்பர் 20-ந்தேதி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்த மாணவர்களுக்கு சேர்க்கை ஆணை வழங்கிய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின், படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று அறிவித்தார்.

கல்லூரிக்கும் வெகுதூரம் ஓட வேண்டியதில்லை. பழைய தருமபுரி மாவட்டத்தில் இருந்த பர்கூர் அரசு என்ஜினீயரிங் கல்லூரி, 2004-ல் மாவட்டம் பிரிந்தபோது கிருஷ்ணகிரியோடு போய்விட்டது. 2013-ல் செட்டிக்கரையில் புதிய அரசு என்ஜினீயரிங் கல்லூரி வந்து அந்தக் குறை தீர்ந்தது.

ஏமாறாதீர்கள்!

கோட்டை விடுவது எங்கே தெரியுமா? அவசரத்தில்தான்.

“கவுன்சிலிங் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இப்பவே சீட் வாங்கித் தர்றேன். அட்வான்சை மட்டும் கட்டிடுங்க” என்று வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் ஆசாமிகளிடம் உஷார்!

நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்டு விட்டால் 7.5 சதவீத சலுகை கிடையாது. 2010-2011 முதல் இருந்து வரும் முதல் தலைமுறை பட்டதாரி கட்டணச் சலுகையும் கிடையாது. இரண்டுமே கவுன்சிலிங் மூலம் சேருகிறவர்களுக்குத்தான். ஒரு கையெழுத்து, நான்கு வருடக் கடன்! அப்பா காட்டை அடமானம் வைக்க வேண்டியதுதான்.

தொட்டில் போட்ட ஊர்

பெண் சிசுக்கொலையால் கெட்ட பெயர் எடுத்த மாவட்டம் இது. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அதே மண்ணில் இன்று பெண் பிள்ளைகள் கால்குலேட்டரும் கையுமாகக் கல்லூரிக்குப் போகிறார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந்தேதி தொடங்கப்பட்டது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9-ந்தேதி வந்தது. என்ஜினீயரிங் மாணவிகளுக்கு மத்திய அரசின் ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பு ‘பிரகதி’ என்ற பெயரில் ஆண்டுக்கு ரூ.50 ஆயிரம் கொடுக்கிறது. வருட வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம்.

இயற்பியல், வேதியியல், கணிதம் என்று பி.எஸ்சி. போகிறவர்களுக்கு ‘இன்ஸ்பயர்’ உதவித்தொகை. ஆண்டுக்கு ரூ.80 ஆயிரம்! இதில் ரூ.20 ஆயிரம், கோடை விடுமுறையில் ஒரு விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி பழகுவதற்கு. பிளஸ்-2 தேர்வில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும். பி.இ. மாணவர்களுக்கு இது கிடையாது.

பணம் மட்டும் போதாது

சேர்ந்த பிறகுதான் அடுத்த கண்டம். தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் செமஸ்டரிலேயே இங்கிலீசும் கணக்கும் சேர்ந்து மிரட்டும். அரியர் விழும். “நமக்கு இது ஒத்து வராது” என்று மூட்டை கட்டத் தோன்றும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். மேரிலாண்ட் மாநிலத்தில், பால்டிமோர் கவுண்டி பல்கலைக்கழகத்தில் 1988-ல் மேயர்ஹாப் மாணவர் திட்டம் தொடங்கியது. பணம் கொடுத்தவர் ராபர்ட் மேயர்ஹாப். நடத்திக் காட்டியவர், கறுப்பின கணித நிபுணர் பிரீமேன் ரபோவ்ஸ்கி. 1989-ல் வந்த முதல் அணியில் 19 கறுப்பின மாணவர்கள்.

உதவித்தொகையோடு அங்கே விடவில்லை. வகுப்பு தொடங்கும் முன்பே 6 வாரம் கோடைப் பயிற்சி. ஒரே விடுதி. தனியாக உட்கார்ந்து முட்டி மோதாமல் கூட்டாகப் படிக்க வேண்டும். வழிகாட்ட ஆட்கள். கொரோனாவுக்கு மாடர்னா தடுப்பூசி உருவாக்கியதில் முக்கிய பங்கு வகித்த கிஸ்மெகியா கார்பெட், இந்தத் திட்டத்தில் படித்து வந்தவர்தான்!

கூட்டாகப் படிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. செட்டிக்கரை ஹாஸ்டல் அறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். சீனியரிடம் சந்தேகம் கேட்க வெட்கம் எதற்கு?

இப்போதே செய்யுங்கள்

வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே மனு போட்டு வையுங்கள். சேவைக் கட்டணம் தவிர யாருக்கும் ஒரு பைசா தர வேண்டாம். 6-ம் வகுப்பு முதல் எந்தெந்தப் பள்ளியில் படித்தோம் என்பதற்கு தலைமை ஆசிரியரிடம் சான்று கேளுங்கள். மாணவர் பெயரில் பாங்கி கணக்கு, அதில் ஆதார் இணைப்பு கட்டாயம்.

மறந்து விடாதீர்கள்: கவுன்சிலிங் முடியும் வரை யார் நீட்டும் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம்!