ஐஸ் பெட்டிக்குள் மடிக்கணினி!

மடிக்கணினியை ஐஸ் பெட்டிக்குள் வைத்து வேலை வாங்கியவர் உண்டா? உண்டு! கனடாவைச் சேர்ந்த டேவ் லீ என்பவர்தான் அவர். புதுக் கணினிகளைச் சோதித்து வீடியோவில் விமர்சிப்பது அவரது தொழில்.

2018-ம் ஆண்டு ஜூலை மாதம், ஆப்பிள் கம்பெனியின் புத்தம் புதிய 'மாக்புக் புரோ' அவர் கைக்கு வந்தது. அதன் மூளை இன்டெல்லின் ஐ9 'சிப்'. விலையோ வெகு அதிகம். வீடியோப் படம் ஒன்றைத் தயாரிக்கும் வேலையை அதனிடம் கொடுத்தார். 39 நிமிஷம் பிடித்தது. முந்திய ஆண்டின் ஐ7 யந்திரமோ அதே வேலையை 35 நிமிஷத்தில் முடித்திருந்தது!

உடனே புதிய யந்திரத்தை ஐஸ் உறையும் அறைக்குள் வைத்தார். 27 நிமிஷத்தில் வேலை முடிந்தது. குற்றவாளி உஷ்ணமே என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

இது எப்படி? பழைய 40 வாட் குண்டு பல்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு எளிதில் விளங்கும். ஐ9 சிப்பின் கணக்கு 45 வாட். நகத்தளவே உள்ள அந்தச் சில்லு இழுக்கும் மின்சாரம் எல்லாம் வெப்பமாகவே மாறுகிறது. செப்புக் குழாய் அதை வாங்கி விசிறியிடம் சேர்க்க, விசிறி வெளியே ஊதித் தள்ளுகிறது. மெல்லிய பெட்டியில் காற்றுக்கு இடம் ஏது? சூடு 100 டிகிரியை எட்டினால், சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு வாரத்தில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கட்டளைத் தொகுப்பில் ஒரு 'டிஜிட்டல் சாவி' விடுபட்டுப்போயிற்றாம்! திருத்தம் வெளியிட்டார்கள், வேகம் தேறியது. ஆனால் பெட்டி என்னவோ அதே மெல்லிய பெட்டிதான்.

ஐஸ் பெட்டி வைத்தியம் வீட்டுக்கு உதவாது. வெளியே எடுத்ததும் ஈரம் படியும். உள்ளே நீர் கோத்தால் யந்திரம் போயிற்று! மெத்தைமேல் வைத்து வேலை வாங்குவதும் ஏறக்குறைய அதே அளவு அசட்டுத்தனம். பல கணினிகள் அடிப்புறமாகத்தான் மூச்சு இழுக்கின்றன. பலகைமேல் வைத்து, பின்புறத்தைச் சற்று உயர்த்தினாலே காற்று தாராளமாகப் போகும். விசிறியில் அடைந்த தூசியையும் அவ்வப்போது நீக்க வேண்டும்.

விண்டோஸ் கணினி வைத்திருப்போருக்கு இன்னொரு வழியும் உண்டு. மின்சார அமைப்புகளில் சிப்பின் உச்ச அளவு 100 சதவீதம் என்றிருக்கும். அதை 99 ஆக்கினால், பல யந்திரங்களில் திடீர் வேகப் பாய்ச்சல் நின்றுவிடுகிறது. வேலை சற்றுத் தாமதமாகும். சூடும் விசிறியின் இரைச்சலும் நன்றாகத் தணியும்.