கோடை வெயிலைத் தாங்கும் மலர்கள்

திருமலையில் நந்தவனம் அமைத்த அனந்தாழ்வார், அதற்கு நீர் வேண்டி ஏரியும் வெட்டினார் என்பது வைணவ மரபு. அம்மலையைவிட அடிவாரத்தில் வெப்பம் மிகுதி. திருப்பதி, சித்தூர்ப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. கிணற்று நீர் கீழிறங்கும் காலமும் அதுவே. ஆகவே, பாத்திக்கு மலர் தேரும்போது நாம் நிறத்தை மட்டும் நோக்காது, செடி நீரைச் சிக்கனமாகக் கொள்ளும் திறனையும் நோக்குதல் வேண்டும்.

பாத்தியின் விளிம்பிற்குப் பத்துமணிப் பூ ஏற்றது. அதன் சதைப்பற்றுள்ள இலைகள் நீரைச் சேமிக்கின்றன. நேர்வெயிலில்தான் மலர் நன்கு விரியும். நடுவில் நித்தியகல்யாணியை நடலாம். ஆனால் நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும். பின்வரிசைக்கு வாடாமல்லி. அதில் நாம் மலரெனக் காண்பது பெரும்பாலும் உலர்ந்த வண்ணச் செதில்களே. அது வாடாதிருப்பதன் காரணம் இதுதான். செவ்வந்தியோ பகற்பொழுது குறுகும் பருவத்தில் மொட்டு விடுவது. கோடையில் அதனை எதிர்பார்த்தல் வீண்.

வெயில் முற்றுமுன், பிப்ரவரியிலேயே நாற்றுகளை நட்டு வேரூன்றச் செய்வோம். விடியற்காலையில் வேரடியில் நீர் வார்த்து, மண்ணைச் சருகால் மூடுவோம். காய்கறி கழுவிய நீரையும் இப்பாத்திக்கே விடலாம். குடிநீருக்குப் போட்டியாகாத பூந்தோட்டமே நம் கோடைக்கு உகந்தது.