ஓட்டக் குழுவினரும் பள்ளிக்கூடத் தோட்டமும்

விடியற்காலையில் தேகப்பயிற்சிக்காகக் கூட்டமாக ஓடுவோரைப் பட்டணங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்ச் சாலைகளிலும் இப்பொழுது காண்கிறோம். போலீஸ், இராணுவத் தேர்வுகளுக்கு உடலைப் பழக்கும் வாலிபர் இவர்களிற் பலர். நாளெல்லாம் வயலில் உழைக்கும் குடியானவருக்கு இது வியர்வையை வீணே சிந்தும் காரியமாகத் தோன்றக்கூடும். இதையொத்த எண்ணமே லண்டன்வாசியான ஐவோ கோர்ம்லி என்பவருக்கும் உதித்தது. தேகப்பயிற்சிக் கூடங்களிற் செலவாகும் பலம் பிறருக்குப் பயன்படலாகாதா என்று கருதி, 2010-ஆம் ஆண்டுக்குச் சற்று முன்னர் அவர் ‘குட்ஜிம்’ என்னும் சங்கத்தைத் தொடங்கினார். அதன் அங்கத்தினர் ஓரிடத்திற் கூடி, ஓட்டமாகவே ஒரு பொதுத் தோட்டத்திற்கோ பள்ளிக்கூடத்திற்கோ சென்று, மண் சுமந்தும் களை பறித்தும் சிறிது நேரம் உழைத்தபின் ஓட்டமாகவே திரும்புவர். பிரிட்டனின் பல நகரங்களில் இம்முறை பரவியிருக்கிறது.

செஞ்சி வட்டாரத்திலும் இதற்கேற்ற வேலை உண்டு. தமிழ்நாட்டிற் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவும், 2022-இல் தொடங்கிய திட்டத்தின்படி தொடக்கப் பள்ளிகளிற் காலை உணவும் அளிக்கப்படுகின்றன. பள்ளி நிலத்திலேயே காய்கறி பயிரிட்டு உணவிற் சேர்க்கும்படி மத்திய அரசு 2019-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆயின் முதல் வேலையே கடினமானது. பள்ளித் திடலின் மண் பல வருஷம் மிதிபட்டு இறுகியது. செம்மண்ணோடு கல்லும் கலந்திருக்கும். அதைப் பத்து வயதுச் சிறுவன் கடப்பாரை கொண்டு பெயர்க்க இயலாது. பெயர்க்கச் சொல்லுதலும் தகாது. இருபது வாலிபர் சேர்ந்தால் சில காலைகளில் முடித்துவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு நாள் உற்சாகத்தில் உண்டாகும் தோட்டம் பெரும்பாலும் அடுத்த கோடையைத் தாண்டுவதில்லை. கன்று நட்டவர் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவர். சித்திரையிற் பள்ளி மூடப்படும். ஜூன் மாதத்திலேதான் திறக்கப்படும். அந்நாட்களிற் சமையல் இல்லை. ஆகவே பாத்திரம் கழுவிய ஜலமும் இல்லை. வேலி சரியில்லாவிடில் எஞ்சியதை ஆடுகள் தீர்த்துவிடும். ஆதலால், கோடையில் ஜலம் விடுபவர் இன்னாரென்று பெயர் குறிக்காத பள்ளியில் மரக்கன்று நடாதிருத்தலே நலம். அங்கே கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம். பக்கத்து நிலத்தில் மோட்டார்க் கிணறு உடைய மிராசுதார் ஒருவர் வாரத்திற்கு இரு முறை குழாயைத் திருப்பிவிட இசைவாராயின், நூறு தொண்டர் வருவதைவிட அது மேலான உபகாரம்.

ஓட்டக் குழுவினரை அழைக்க உகந்த காலம் ஆடி, ஆவணி மாதங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலி, குழி, பாத்தி, எருக்குழி ஆகியவை முடிந்திருக்க வேண்டும். முதல் நாள் வேலி ஒன்றையே எடுத்துக்கொள்வது உத்தமம். ஆடு கடியாத ஆடாதொடை, நொச்சிக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றலாம். அவை தழைக்கும்வரை முள் அடைப்பு வேண்டும். கடப்பாரை, மண்வெட்டி, கூடை ஆகியவற்றை ஊரார் முன்னதாகவே சேகரித்து வைக்க வேண்டும். ஓடி வருபவர் கையில் ஒன்றும் கொணரார். மண்வெட்டி பிடித்தறியாத இளைஞரும் வருவர்; அநுபவமுள்ள குடியானவர் ஒருவர் நின்று காட்டிக்கொடுக்காவிடில் காலிற் காயம் நேரும்.

பாத்திகளை அரை அடி உயர்த்தி, வடிகால் விட வேண்டும். 2024 நவம்பர் இறுதியிற் கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளிற் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்ததை யாவரும் அறிவர். முருங்கைக்கு நீர் தேங்குதல் ஆகாது. பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம்.1 முருங்கையை 8 அடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடிக் குழியில் எருவிட்டு, செப்டம்பரில் விதையாகவே ஊன்றலாம். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினாற் கிளைக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்திற் காய்ப்பதால் விடுமுறைக்கு முன் பிள்ளைகள் உண்ணலாம். அறுவடை முடிந்தபின் மூன்றடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். சிறுகீரை சுமார் ஒரு மாதத்திற் பறிப்புக்கு வரும். அரைக்கீரையைப் பன்முறை அறுக்கலாம். கறிவேப்பிலைக் கன்றின் அருகே, அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் புதைத்து நிரப்பி வைப்பின், குறைந்த ஜலத்திலேயே வேர் நனைந்திருக்கும்.

கோட்டையை அடுத்த பள்ளிகளில் கிராம அதிகாரிகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை அநுமதி பெற வேண்டுமென்றும் 2010-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் விதிக்கிறது. மதிற்சுவர் எழுப்பவோ கிணறு தோண்டவோ எண்ணினால், தொல்லியல் துறையினரை விசாரித்தே தொடங்க வேண்டும். உயிர்வேலி அமைப்பது எளிது. வாயிற்கதவின் திறவுகோல் இரண்டிருப்பின், விடுமுறைக்கு முன் தலைமையாசிரியரின் சம்மதத்துடன் ஒன்றை ஜலம் விடுபவரிடம் கொடுத்து வைக்கவும்.