சட்டம் போட்டால் புல் முளைக்குமா?

மெல்பேர்னில் எங்கட சனம் ஆட்டிறைச்சி வாங்கப் போனால் முதல் கதை விலைதான். "இவ்வளவு ஆடு நிற்கிற நாட்டில ஏன் இந்த விலை?" என்று எல்லாரும் கேட்கிறோம். அந்த ஆடு மேய்ந்த நிலம் என்ன நிலையில் கிடக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

நகரத்தை விட்டு மேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் அது கண்ணுக்குத் தெரியும். மரமில்லாத மேடுகள், மண் அரித்துப்போன ஓடைக்கரைகள், சில இடங்களில் உப்புப் பூத்த வெள்ளைத் திட்டுகள். 1788இல் வெள்ளையர் குடியேறும் வரை இந்தக் கண்டத்தில் ஆடும் இல்லை, மாடும் இல்லை. கங்காருவின் மென்மையான பாதத்துக்குப் பழகிய மண்ணைக் குளம்புகள் இறுக்கிப் போட்டன. ஆழ வேர்விடும் உள்ளூர்ப் புல்லுகள் மேய்ந்து தீர்க்கப்பட்டன. மரங்களை வெட்டியதால் பல இடங்களில் நிலத்தடி நீர் மேலெழுந்து, மண்ணுக்குள் கிடந்த உப்பையும் கொண்டுவந்தது.

இதற்கு வைத்தியம் உண்டு. ஓடையோரம் வேலி போட்டு, கால்நடைக்குத் தொட்டியில் தண்ணீர் வைக்கலாம். காற்றுப் பக்கம் மரம் நடலாம். எல்லாவற்றிலும் முக்கியம், புல்லுக்கு ஓய்வு கொடுப்பது. கடிபட்ட புல் தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் மறுபடி தளிர்க்கிறது. அந்தத் தளிரையும் உடனே கடித்தால் வேர் சுருங்கும், மண் வெளியே தெரியும், அடுத்த மழையில் அதுவும் போய்விடும்.

இது பண்ணையாளருக்குத் தெரியாதா? நான் கதைத்துப் பார்த்தவரை, எங்களைவிட நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு. வேலிக் கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் யார் காசு கட்டுவது? வரட்சி வந்தால் அடைத்து வைத்த நிலத்தில் மேய்க்க விடுவார்களா? இந்தத் திட்டம் அடுத்த தேர்தலுக்குப் பிறகும் இருக்குமா? இதைச் சுயநலம் என்று நகரத்திலிருந்து சொல்வது சுலபம். வங்கிக் கடனோடு நிலம் வைத்திருப்பவருக்கு இது வீட்டுக் கணக்கு.

கட்டளையாக வரும் பாதுகாப்பு எவ்வளவு கசப்பை வளர்க்கும் என்பதை நியூ சவுத் வேல்ஸ் பார்த்தது. 2003இல் அங்கே இயற்கைத் தாவரச் சட்டம் வந்தது. தங்கள் நிலத்திலேயே மரம் வெட்ட அனுமதி கேட்க வேண்டுமா என்று பல விவசாயிகள் கொதித்தார்கள். 2014இல் மோரிக்கு அருகே, காடழிப்பைக் கண்காணித்த சுற்றுச்சூழல் அதிகாரி ஒருவரை ஒரு விவசாயி சுட்டுக் கொன்றார். அந்தக் கொலைக்கு நியாயமே கிடையாது. ஆனால் அதற்கு முன்பே இரு தரப்பும் பேச்சை இழந்திருந்தன என்பதையும் மறைக்க முடியாது.

இதே நாட்டில் இன்னொரு வழியும் பிறந்தது. 1986இல் விக்ரோறியாவில் அமைச்சர் ஜோன் கேர்னரும் விவசாயிகள் சங்கத் தலைவி ஹெதர் மிற்செலும் சேர்ந்து 'லாண்ட்கெயர்' இயக்கத்தைத் தொடக்கினார்கள். அயலவர்கள் கூடி, எந்த ஓடைக்கு முதலில் வேலி என்று தாங்களே தீர்மானித்தார்கள். 1989இல் விவசாயிகள் கூட்டமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் ஒன்றாகக் கேட்க, பிரதமர் பொப் ஹோக் அதை நாடளாவிய திட்டமாக்கினார். அதிலும் குறை உண்டு. சில வருடப் பணத்தில் மரம் நடலாம். அது வளரும் வரை காக்க அந்தப் பணம் போதாது.

சட்டம் கோடாரியைத் தடுக்கும், அது தேவைதான். ஆனால் புல் வளர, தினமும் அந்த நிலத்தில் நடப்பவரின் மனம் வேண்டும். திட்டம் போடும் மேசையில் அவருக்கு இடமும், நீண்டகால உடன்படிக்கையும், காத்த நிலத்துக்குக் கூலியும் கொடுங்கள் என்பதே என் கருத்து.

இது எங்களுக்கு அந்நியமான விசயம் இல்லை. மட்டக்களப்பில் வயல் விதைக்கும் காலத்தில் பட்டி மாடுகளைத் தூர மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் 2023இல் வீதியோரம் குந்தியிருந்து போராடியதும் அந்தத் தரைக்காகத்தான். மேய்ச்சல் தரை பற்றிய முடிவில் அதில் வாழ்பவனின் சொல் எடுபட வேண்டும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

இங்கே எங்களிடம் வாக்கு இருக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் இருக்கிறது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் வீட்டு விலை, விசாவோடு இதையும் கேளுங்கள்: வேலிக்கான செலவில் நகரத்தின் பங்கு எவ்வளவு?