நாய் மடியில் கட்டியா? சும்மா விட வேண்டாம்!



ஆடு, கோழி வளர்க்கும் நம் வீடுகளில் ராத்திரி காவல் நாய்தான். மாட்டுக்கு மடிநோய் என்றால் உடனே ஓடுகிறோம். நாயின் மடியில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும், "பால் கட்டியிருக்கும், தானா கரையும்" என்று மஞ்சளைப் பூசிவிட்டு இருந்துவிடுகிறோம்.

போன கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர் சொன்னது இது: "முதல்ல சுண்டைக்காய் மாதிரிதாங்க இருந்துச்சு. அப்புறம் மாங்காய் அளவு ஆகி, உடைஞ்சு புண்ணாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, நுரையீரலுக்கே பரவிடுச்சுன்னு சொல்லிட்டாங்க." அதனால்தான் இதை எழுதுகிறோம்.

யாருக்கு வரும்?

கருத்தடை ஆபரேஷன் செய்யாத, வயதான பெட்டை நாய்களுக்குத்தான் அதிகம். குட்டி போட்ட நாய்க்கும் வரும். நாய்க்குப் பொதுவாக இரண்டு வரிசையில் 10 மடிகள் உண்டு. பின்னங்கால் பக்கம் உள்ள கடைசி இரண்டு ஜோடிகளில்தான் கட்டி அதிகம் வருகிறது. இந்தக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோய், மீதி சாதாரணக் கட்டி. எது எது என்று நம் கைக்குத் தெரியாது. பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

1. கையால் பார்ப்பது: எல்லா மடிகளையும் தடவிப் பார்ப்பார். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

2. ஊசிப் பரிசோதனை: மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மடிநோயா, கொழுப்புக் கட்டியா, வேறு கட்டியா என்று ஓரளவு தெரியும். புற்றுநோய்தான் என்று முடிவு சொல்ல இது மட்டும் போதாது.

3. நெஞ்சு எக்ஸ்ரே: நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு.

4. சதைப் பரிசோதனை: இதுதான் முடிவான சோதனை. வெட்டி எடுத்த கட்டியைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. "டெஸ்டுக்கு அனுப்புங்க டாக்டர்" என்று நாமே கேட்கலாம்.

மடி சிவந்து, சூடாக, கல் மாதிரி வீங்கி வலித்தால் மடிநோயாக இருக்கலாம். வேகமாகப் பரவும் ஒருவகைப் புற்றுநோயும் பார்வைக்கு இப்படியே இருக்கும். தேய்க்காமல், கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்துக் கால்நடை மருந்தகம். பெரிய சோதனை வேண்டுமென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

நாம் செய்ய வேண்டியது

மாதம் ஒருமுறை, குழுக் கூட்டம் நடக்கும் நாளிலேயே, நாயை மல்லாத்திப் படுக்க வைத்து பத்து மடியையும் தடவிப் பாருங்கள். கட்டி 3 செ.மீ.க்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். குட்டி வேண்டாம் என்றால், கருத்தடை ஆபரேஷனை இளவயதிலேயே எப்போது செய்யலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நம் மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் நாம் சொல்வது இதே "தானா கரையும்"தானே? வெட்கப்பட்டு மறைக்காமல், நாமும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்.