இரண்டு அடையாளங்கள் ஏன்?

உங்கள் மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்பதுபோல் அங்க அடையாளம் எழுதியிருக்கும். அது உங்கள் உடலோடு ஒட்டியது. ஆனால் பொதுத் தேர்வு எழுதப் போகும்போது உங்களுக்கு ஒரு தேர்வு எண் தருகிறார்கள். அது பிறர் ஒதுக்கித் தருவது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் இப்படி இரண்டு அடையாளங்கள் உண்டு.

வங்கி, மருத்துவமனை போன்ற இடங்களில் தகவல்களைப் பல வன்தட்டுகள் அடுக்கிய பெட்டிகளில் சேமிக்கிறார்கள். தட்டுகளுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்பது கண்ட்ரோலர். அதுவே ஒரு சிறு கணிப்பொறிதான். எதை எங்கே எழுதுவது, ஒரு தட்டு பழுதானால் இழந்ததை மற்ற தட்டுகளிலிருந்து எப்படிக் கணக்கிட்டு மீட்பது என்பதெல்லாம் அதன் பொறுப்பு.

இந்தக் கண்ட்ரோலரின் 'மச்சம்' தொழிற்சாலையிலேயே பதியப்படும் 48 பிட் எண். இதை மேக் முகவரி என்பார்கள். 2-இன் 48-ஆம் அடுக்கு ஏறத்தாழ 281 லட்சம் கோடி. ஆகவே பஞ்சமில்லை! ஆனால் இந்த எண் 'யார்' என்று சொல்லுமே தவிர 'எங்கே' என்று சொல்லாது. கன்னத்தில் மச்சமுள்ளவரைத் தமிழ்நாடு முழுவதும் தேட முடியுமா? அதற்காகவே இரண்டாவது அடையாளமான ஐ.பி. முகவரி. 1981-இல் வரையறுக்கப்பட்ட முறைப்படி இது 32 பிட் கொண்டது; 192.168.10.20 என்பதுபோல் நான்கு எண்களாக எழுதுவார்கள். அதன் முற்பகுதி எந்த வலையமைப்பு என்று காட்டும்.

இரண்டையும் இணைப்பது எப்படி? ஒரு கணிப்பொறி, '192.168.10.20 யார்?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்கிறது. உரியவர் தம் மேக் முகவரியைச் சொல்கிறார். கேட்டது அதைக் குறித்துக்கொள்கிறது. 1982-இல் வெளியான இந்த விதிமுறைக்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். பதில் உண்மையா என்று அது சோதிப்பதில்லை!

மாணவர்களின் மடிக்கணினிகளுக்கு ஐ.பி. முகவரியைத் தவணை முறையில் இரவல் கொடுத்தால் போதும். சேமிப்புப் பெட்டிக்கு அப்படிச் செய்தால், முகவரி மாறும் நாளில் மற்றவை அதைத் தேடி ஏமாறும். எனவே நிலையான முகவரி ஒதுக்க வேண்டும். கண்ட்ரோலருக்கோ திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. அதனால் சில வகைப் பெட்டிகள் தொழிற்சாலையிலேயே ஒரு தற்காலிக முகவரியோடு வரும். முதல் வேலையாக அதை மாற்றிவிட வேண்டும்.

நான் மாற்றவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெட்டி ஒரு வாரம் தற்காலிக முகவரியிலேயே ஓடியது. பிறகு அதே வகையில் இன்னொன்றைச் செருகினேன். 'யார்?' என்ற கேள்விக்கு இருவரும் 'நான்' என்றார்கள். மாணவர்களின் ஆய்வுக் கோப்புகள் ஒரு நிமிடம் தெரிந்தன, மறு நிமிடம் காணவில்லை. பாவம், ஒரு மாணவி அழுதேவிட்டாள். புதிய பெட்டியின் கம்பியைப் பிடுங்கியதும் எல்லாம் திரும்பி வந்தன.

வேடிக்கை என்னவென்றால், என்னைத் திணறடித்த இதே வழியே ஆபத்தில் கைகொடுக்கிறது. பெரிய பெட்டிகளில் கண்ட்ரோலர்கள் இரண்டு இருக்கும். ஒன்று செயலிழந்தால், பல வகைகளில் மற்றது அதன் ஐ.பி. முகவரியை ஏற்றுக்கொண்டு, யாரும் கேட்காமலே 'இனி அந்த முகவரி என்னிடம்' என்று அறிவிக்கிறது. எல்லாக் கணிப்பொறிகளும் தம் குறிப்பைத் திருத்திக்கொள்கின்றன. மச்சம் வேறு, எண் அதே. மருத்துவமனையில் நோயாளியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டருக்குச் சிறு தாமதம் மட்டுமே தெரியும்.

வீட்டில் இணைய மோடம் இருந்தால் அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். மேக் என்ற சொல்லுக்கு எதிரே எண்களும் எழுத்துகளுமாகப் பன்னிரண்டு குறிகள் இருக்கும். முதல் ஆறு, தயாரித்த நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டவை.