கடினக் கணக்கே ஏணி

கணக்கில் வல்லமை பிறவியிலேயே அமைவது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். "அவனுக்குக் கணக்கு வரும், இவனுக்கு வராது" என்று வீட்டிலும் சொல்கிறார்கள், பள்ளியிலும் சொல்கிறார்கள். தும்மல் வருவது போலக் கணக்கும் தானே வரவேண்டிய ஒன்று போலும்! 'வராதவன்' என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால், அவனுக்கு மிக எளிய கணக்குகளையே கொடுத்து, எப்படியேனும் தேர்ச்சி பெற்றால் போதும் என்று விட்டுவிடுவதே வழக்கம். ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளில் இந்த முத்திரை ஒருவன் மீது மட்டும் விழுவதில்லை. பள்ளி முழுவதன் மீதும் விழுந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று உண்டு. வாய்ப்புக் குறைந்த பிள்ளைகளுக்கு எளிய கணக்கைக் குறைத்துக் கடினமான கணக்கைக் கூட்டிக் கொடுப்பதே அவ்வழி. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆயினும் செய்து பார்த்துப் பலன் கண்ட வழி அது. கணித மாணவன் என்ற முறையில் நான் படித்தறிந்தவற்றை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். கணிதம் பயிலாத நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டா. பெருக்கல் வாய்பாட்டுக்கு மேல் இங்கே எதுவும் தேவைப்படாது.

பெர்க்கிலியில் ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்கிலிப் பல்கலைக் கழகம் கணிதத்திற்குப் பேர் பெற்றது. 1970-களின் நடுவில் அங்கே யூரி டிரைஸ்மன் என்னும் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். முதலாண்டு நுண்கணித வகுப்பில் சேரும் கறுப்பின மாணவர்களுள் மிகப் பலர் தேர்வில் தோற்றுப் போவதை அவர் கண்டார். அதே வகுப்பில் சீன வழி வந்த மாணவர்கள் மிக நன்றாகத் தேறினர். காரணம் என்ன?

பேராசிரியர்களைக் கேட்டார். அவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கறுப்பின மாணவர்களுக்கு ஊக்கம் குறைவு என்றார் ஒருவர். பள்ளிப் படிப்பின் அடித்தளம் சரியில்லை என்றார் மற்றொருவர். குடும்பத்தார் கல்வியின் அருமை அறியார் என்றும், வறுமையே காரணம் என்றும் வேறு சிலர் கூறினர். எல்லாம் பொருத்தமாகவே தோன்றின. ஆனால் டிரைஸ்மன் அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கறுப்பின மாணவர் இருபதின்மரையும் சீன மாணவர் இருபதின்மரையும் தேர்ந்தெடுத்து, அவர்கள் எங்கே படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள், யாருடன் உண்கிறார்கள் என்பதையெல்லாம் உடனிருந்தே மாதக் கணக்கில் கவனித்தார்.

பேராசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றுகூட நிற்கவில்லை. அக்கறுப்பின மாணவர்கள் தத்தம் பள்ளிகளில் முதன்மையாக விளங்கியவர்கள். தம் பிள்ளை கல்லூரி காணவேண்டும் என்று, பிள்ளை பிறக்குமுன்பே உறுதி கொண்ட பெற்றோர்களும் இருந்தனர். நுழைவுத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களே கூடச் சில வேளைகளில் முதலில் வீழ்ந்தார்கள். அடித்தளம்தான் காரணம் என்றால் இது நிகழக் கூடுமோ?

வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் தனியே படித்தார்கள். வகுப்பு ஒரு மணி நேரம் நடந்தால் அறையில் இரண்டு மணி நேரம் படிக்கவேண்டும் என்று சொல்லப்பட்டிருந்தது. அவ்வாறே கதவைச் சாத்திக்கொண்டு உண்மையாகவே உழைத்தார்கள். தேர்வில் தோற்றால், "நமக்கு இது வராது போலும்" என்று தம்மையே நொந்துகொண்டார்கள். சீன மாணவர்களும் தனியே படித்தார்கள். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. மாலையில் ஒன்றுகூடினார்கள், சேர்ந்து உண்டார்கள், விடைகளை ஒப்பிட்டார்கள், பழைய வினாத்தாள்களைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு கணக்கு எவருக்குமே வரவில்லை என்றால், அது கணக்கின் கடுமையே அன்றித் தம் குறை அன்று என்பது அவர்களுக்குத் தெரிந்தது. தனியே இருப்பவனுக்கு அது தெரிய வழியே இல்லை. அவன் துன்பத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

கடினக் கணக்குப் பயிலரங்கு

1978-இல் டிரைஸ்மன் ஒரு பயிலரங்கைத் தொடங்கினார். பின்தங்கியோருக்கான உதவி வகுப்புகள் பல்கலைக் கழகத்தில் முன்பே இருந்தன. மாணவர்கள் அவற்றை நாடவில்லை. பள்ளியில் பிறருக்குச் சொல்லிக் கொடுத்துப் பழகியவன், 'தேறாதவர் வகுப்பு' என்ற பலகையின் கீழ் போய் உட்காருவானா? ஆகவே டிரைஸ்மன் தம் பயிலரங்கைச் சிறப்பு மாணவர்க்குரியதாகவே அமைத்தார். 'தேர்ச்சி பெற வாருங்கள்' என்று அவர் அழைக்கவில்லை. 'சிறந்து விளங்க வாருங்கள்' என்றே அழைத்தார்.

மாணவர்கள் ஐவர் அறுவராகச் சிறு குழுக்களாய் அமர்வார்கள். பாடப் புத்தகக் கணக்குகளினும் கடினமான கணக்குகள் அடங்கிய தாள் கொடுக்கப்படும். முதலில் ஒவ்வொருவரும் தனியே முயல்வர். பின்னர் குழுவில் பேசுவர், வாதிடுவர், ஒருவர்க்கொருவர் விளக்குவர். ஆசிரியர் சுற்றி வருவார். விடையைச் சொல்ல மாட்டார். வழி அடைபட்ட இடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்வார். பள்ளியில் விடுபட்டுப் போன பகுதி எது என்பதை வெளிக்கொணரும் கணக்குகளும் அத்தாளில் ஒளிந்திருக்கும். இவ்வாறு பழைய குறைகளும் நிரம்பின. ஆனால் 'குறை நிரப்பல்' என்ற பெயர் எங்கும் இல்லை.

விளைவு வியப்பூட்டியது. பயிலரங்கில் சேர்ந்த கறுப்பின மாணவர்கள், சேராத தம் இனத்தாரை மட்டுமன்று, வகுப்பிலிருந்த வெள்ளை மாணவர்களையும் சீன மாணவர்களையும்கூட விஞ்சி நின்றார்கள். பின்னர் டிரைஸ்மன் டெக்சாஸ் பல்கலைக் கழகத்துக்குச் சென்றார். இம்முறையும் பல பல்கலைக் கழகங்களுக்குப் பரவியது.

நூறு கதவுகள்

'கடினமான கணக்கு' என்று சொல்லிக்கொண்டே போகிறேனே, அது எத்தகையது என்று கேட்பீர்கள். பெரிய எண்களைப் பெருக்குவது கடினம் அன்று, அது சலிப்பு. நல்ல கடினக் கணக்கு வேறு வகை. பலரும் அறிந்த ஒன்றை இங்கே தருகிறேன்.

ஒரு விடுதியில் 1 முதல் 100 வரை எண்ணிட்ட அறைகள். எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கின்றன. முதல் மாணவன் வந்து எல்லாக் கதவுகளையும் திறக்கிறான். இரண்டாமவன் 2, 4, 6 என்று இரண்டின் மடங்குகளாய் உள்ள கதவுகளைச் சாத்துகிறான். மூன்றாமவன் 3, 6, 9 என்னும் கதவுகளை மாற்றுகிறான். அதாவது திறந்திருந்தால் சாத்துகிறான், சாத்தியிருந்தால் திறக்கிறான். இப்படியே நூறாம் மாணவன் வரை. கடைசியில் எந்த அறைகள் திறந்திருக்கும்?

சூத்திரம் எதுவும் இங்கே உதவாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை முதலில் பத்துக் கதவுகளை வரைந்து பார்க்கும். 1, 4, 9 மட்டும் திறந்திருக்கக் காணும். "அடுத்தது 16 ஆக இருக்குமோ?" என்று ஓர் ஊகம் பிறக்கும். சோதித்தால் சரியாகவே இருக்கும். "ஏன்?" என்று ஆசிரியர் கேட்பார். அங்கேதான் கணிதம் தொடங்குகிறது. 12-ஆம் கதவைத் தொடுபவர் யார்? 12-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணுடையவர்கள்: 1, 2, 3, 4, 6, 12. இவை 1-உம் 12-உம், 2-உம் 6-உம், 3-உம் 4-உம் என இணை இணையாக வருகின்றன. இரட்டைப்படை முறை மாறிய கதவு மீண்டும் சாத்தியே கிடக்கும். ஆனால் 16-இன் வகுஎண்கள் 1, 2, 4, 8, 16. இங்கே நான்குக்கு இணை நான்கே, ஆகவே எண்ணிக்கை ஒற்றைப்படை, கதவு திறந்திருக்கும். இவ்வாறு 1, 4, 9 தொடங்கி 100 வரை வர்க்க எண்கள் பத்துக்கும் உரிய அறைகள் மட்டுமே திறந்திருக்கும்.

இத்துடன் முடிந்ததா? இல்லை. சரியாக இருமுறை மட்டும் மாறிய கதவுகள் எவை? மும்முறை மட்டும் மாறியவை எவை? நண்பர்கள் இன்றிரவே முயன்று பார்க்கலாம். ஊகித்தல், சோதித்தல், காரணம் காட்டல், மேலும் வினவுதல் ஆகிய நான்கும் இச்சிறு விளையாட்டில் அடங்கியுள்ளன. இதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலுமே. ஆயினும் வசதி மிக்க பள்ளிப் பிள்ளைக்கு எளிதில் கிட்டும் இவ்வகைக் கணக்கு, ஏழைப் பள்ளிப் பிள்ளையின் கண்ணில் படுவதே அரிது. வாய்ப்பின்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

பள்ளிப் பருவத்திலே

பல்கலைக் கழகம் வரும்வரை காத்திராமல் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கியவர்களும் உண்டு. நியூயார்க் நகரில் 2011-இல் டேனியல் சகரோபால் என்பவர் ஒரு கோடை முகாமைத் தொடங்கினார். பின்னர் 'பீம்' என்று பெயர் பெற்றது அது. நம் பீமனுக்கும் அதற்கும் உறவில்லை. 'உயர் கணிதத்துள் நுழையப் பாலம்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே அப்பெயர். ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளிலிருந்து ஏழாம் வகுப்பு முடித்தவர்களைத் தேர்ந்து, ஒரு கல்லூரி வளாகத்தில் மூன்று வாரம் தங்கவைத்து, எண் கோட்பாடு போன்ற உயர் பகுதிகளைக் கற்பிக்கிறார்கள். முகாம் முடிந்ததும் கைவிட்டுவிடுவதில்லை. நல்ல உயர்நிலைப் பள்ளி தேடவும், கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் துணை நிற்கிறார்கள். மூன்று வாரம் வானத்தைக் காட்டிவிட்டுப் பழைய கிணற்றுக்கே திருப்பி அனுப்பினால் என்ன பயன்?

லாஸ் ஏஞ்செல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில், மெக்சிக்க வழியினரான உழைப்பாளர் பிள்ளைகள் பயிலும் கார்பீல்டு பள்ளியில், பொலிவியாவில் பிறந்த ஹைமி எஸ்கலான்டே நுண்கணிதம் கற்பித்தார். 1982-இல் அவர் மாணவர் பதினெண்மர் கல்லூரி நிலை நுண்கணிதத் தேர்வில் தேறினர். தேர்வு நடத்தியோர் நம்பவில்லை. பதினால்வர் மீது ஐயம் கொண்டார்கள். அவர்களுள் பன்னிருவர் மறுபடி தேர்வெழுதினர், பன்னிருவரும் தேறினர்! ஏழைப் பிள்ளை தோற்றால் இயல்பு என்றும், வென்றால் களவு என்றும் எண்ணும் உலகம் இது. ஆனால் 1991-இல் எஸ்கலான்டே பள்ளியை விட்டு நீங்கிய பின்னர், சில ஆண்டுகளில் தேறுவோர் தொகை பெரிதும் சரிந்தது. ஒருவர் தோளிலேயே நிற்கும் கட்டடத்துக்கு அவர் நகர்ந்தால் ஆபத்து என்பதையும் நாம் மறக்கலாகாது.

நம் நாட்டில்

நம் நாட்டிலும் நன்முயற்சிகள் உண்டு. 1993-இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறன் தேடல் திட்டம், ஆண்டுதோறும் கோடையில் நான்கு வாரப் பயிற்சியாக நடந்து வந்திருக்கிறது. அது ஏழைகளுக்கென்றே ஏற்பட்டது அன்று. எனினும் சிற்றூர்க் கல்லூரி மாணவர் பலருக்கு அது கதவு திறந்தது. அங்கே ஆசிரியர் கரும்பலகையை நிரப்பிவிட்டுப் போவதில்லை. கேள்விமேல் கேள்வி கேட்டு மாணவனையே பேச வைக்கிறார். பாட்னாவில் 2002-இல் ஆனந்த் குமார் தொடங்கிய 'சூப்பர் 30' ஏழை மாணவர் முப்பதின்மரை ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்தது. அதன் குறி தேர்வு. மேலே சொன்னவற்றின் குறி கணிதம். இரண்டும் தேவைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

"திறமையுள்ளவன் எப்படியும் மேலே வருவான். இராமானுஜன் வரவில்லையா?" என்று கேட்போர் உண்டு. இராமானுஜன் கல்லூரித் தேர்வில் தோற்றவர். ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் 1913-இல் உரிய கண்களில் பட்டிராவிட்டால், சென்னைப் பல்கலைக் கழகம் அதே ஆண்டில் மாதம் 75 ரூபாய் உதவித் தொகை அளித்திராவிட்டால், என்ன ஆகியிருப்பார்? துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகவே இருந்திருப்பார். மேலே வந்த ஒருவரை நாம் அறிவோம்; வராதவர்களின் பெயரை யார் அறிவார்?

நாம் செய்யக் கூடியது

இனி நம்மிடம் வருவோம். தமிழ் வழியில் படித்து, ஆயிரம் கல் கடந்து இங்கே வந்து சேரும் முதலாண்டுத் தம்பி தங்கையரை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்கள் மாவட்டத்தில் முதல்வராக இருந்திருப்பார்கள். இங்கே வகுப்பில் ஆங்கிலம் ஓடுகிறது. விடுதியில் இந்தி ஓடுகிறது. அவர்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடியப் படிக்கிறார்கள். முதல் தேர்வு முடிந்ததும் சிலர் முகம் வாடிவிடுகிறது. பெர்க்கிலியில் டிரைஸ்மன் கண்ட காட்சியும் இதுவேயன்றோ?

பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நம் சங்கத்துக்கு அழகு. அவற்றுடன் இன்னொன்றும் வேண்டும் என்கிறேன். வாரம் ஒரு மாலை சங்க அறையில் கூடுவோம். ஐவருக்கு ஒரு குழு. மூத்த மாணவர்கள் கடினமான கணக்குகளைத் திரட்டி வரட்டும். பழைய வினாத்தாள்களைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் கொண்டு வரட்டும். இதற்கு 'உதவி வகுப்பு' என்று பெயரிட வேண்டா. நன்றாகப் படிப்போரும் வரவேண்டும். விடை தெரிந்தவன் விடையைச் சொல்லலாகாது. கேள்வி மட்டுமே கேட்கலாம். தமிழில் வாதிடுவோம், வழி தெளிந்தபின் ஆங்கிலத்தில் எழுதுவோம். ஓர் அண்ணனோ அக்காவோ வெளியேறினாலும் நின்றுவிடாதபடி, ஒவ்வோர் ஆண்டும் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்போம். கணிதத்தில் தொடங்கினால் இயற்பியலும் பொருளியலும் தாமே பின்தொடரும்.

பணம் வேண்டா, கட்டடம் வேண்டா. கொஞ்சம் தாள், கொஞ்சம் தேநீர், மூத்தோர் தரும் இரண்டு மணி நேரம் போதும். சாத்திய கதவுக்குப் பின்னால் தனியே அமர்ந்து, "நமக்கு இது வராது போலும்" என்று எண்ணிக்கொண்டிருக்கும் தம்பியை எழுப்பி அழைத்து வருவதே முதல் வேலை. கணக்குகளைத் திரட்டும் பொறுப்பை நான் ஏற்கிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் சங்கச் செயலரிடம் பெயர் கொடுப்பார்களாக.